ஒத்திவைக்கக்கூடிய அறுவை எது?

2020-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் மத்திய சுகாதார அமைச்சகம் நாட்டிலுள்ள மருத்துவமனைகளுக்கு ஓர் ஆலோசனைக் குறிப்பை அனுப்பியது. கொரோனா நோயாளிகளுக்காகப் படுக்கைகளை ஒதுக்கி வைப்பது முதலான ஏற்பாடுகளோடு, அவசியமற்ற திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளை ஒத்திவைக்க வேண்டும் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. ஐந்து நாட்களில் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. மேலும் இரண்டு நாள் கழித்து, மார்ச் 27 அன்று, உள்துறை அமைச்சகம் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் வயலில் செய்யும் வேலைகளுக்கு ஊரடங்கிலிருந்து விலக்கு அளித்தது.

இந்த இரண்டாவது உத்தரவின் காரணத்தைத் தஞ்சை வட்டாரத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விளைந்த கதிர் அறுவடைக்குக் காத்திராது. குறுவை நாற்றை இருபது, இருபத்தைந்து நாளில் பறித்து நட்டுவிட வேண்டும். தண்ணீர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று நாள் கடத்தினால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டாது. பிறகு எவ்வளவு உரமிட்டாலும் இழந்தது இழந்ததுதான். அவ்வாண்டு ஜூன் 12-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு உரிய நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டது. ஊரடங்கிற்கு இடையிலும் நடவு நடந்தது. பயிருக்கு ஒரு கடிகாரம் உண்டு என்பதை அரசு உணர்ந்திருந்தது.

குழந்தையின் உடலுக்கும் அத்தகைய கடிகாரம் உண்டு. ஆனால் அறுவை பற்றிய குறிப்பிலிருந்த 'அவசியமற்ற' என்ற சொல்லில் கடிகாரம் இல்லை. எத்தனை நாளுக்கு அவசியமற்றது, எந்த வயதினருக்கு அவசியமற்றது என்ற கேள்விகளுக்கு அச்சொல் விடை தருவதில்லை.

நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். யார் எந்த அறுவையைச் செய்திருக்க வேண்டும் என்று கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் அக்காலத்தில் முடிவுகளுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் எண்கள். காட்டப்படாமல் விடப்பட்டது காற்று. எண்களும் காற்றும் இயற்பியல் ஆசிரியன் பேசக்கூடிய பொருள்களே. பெருந்தொற்று இன்னொரு முறை வராது என்று யாரும் உறுதி கூற முடியாதாகையால், இவற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனற்றதன்று.

குழந்தை உடலின் கடிகாரம்

முதலில் கடிகாரத்தைக் காண்போம். சில குழந்தைகள் கல்லீரலிலிருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் நாளங்கள் அடைபட்ட நிலையில் பிறக்கின்றன. பித்தம் கல்லீரலிலேயே தேங்கி அதை அரிக்கிறது. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் இதற்கு ஓர் அறுவையை வகுத்தார். குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலின் வாயிலில் நேரடியாக இணைப்பதே அது. குழந்தை பிறந்து ஏறத்தாழ அறுபது நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் செல்லச் செல்ல வாய்ப்புக் குறைகிறது. பிறகு கல்லீரல் மாற்றம் தவிர வேறு வழி இராது. (பச்சைக் குழந்தைக்கு மஞ்சள் காமாலை சாதாரணம், காலை வெயிலில் காட்டினால் போதும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இரண்டு வாரத்திற்கு மேல் மஞ்சள் நீடித்து, மலமும் வெளுத்துப் போனால் வெயிலை நம்பியிருக்கக் கூடாது.)

ஆண் குழந்தைக்கு விதை பைக்குள் இறங்காவிட்டால் ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதிற்குள் அதை இறக்கித் தைத்துவிட வேண்டும் என்பது மருத்துவ நூல்களின் கருத்து. தாமதமானால் பிற்காலத்தில் மகப்பேற்றுத் திறன் குறையலாம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, குழந்தை விளையாடிக்கொண்டிருக்கும். ஆகவே எந்தப் பட்டியலிலும் இது கடைசியில்தான் வரும்.

அண்ணப் பிளவை எடுத்துக்கொள்வோம். வாயின் மேற்கூரை மூடப்படாவிட்டால் பேச்சுக்கு வேண்டிய காற்று மூக்கு வழியே கசிந்துவிடும். ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், அண்ணப் பிளவுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஆறாம் மாதத்திலும் மற்றவர்களுக்குப் பன்னிரண்டாம் மாதத்திலும் அறுவை செய்தனர். ஐந்து வயதில் சோதித்தபோது, முதல் பிரிவில் 8.9 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவில் 15 விழுக்காட்டினருக்கும் அந்தக் காற்றுக்கசிவுக் குறை இருந்தது. நல்ல மருத்துவமனைகளில், திறமையான கைகளால், திட்டமிட்டுச் செய்யப்பட்ட ஆறு மாத வேறுபாடு இவ்வளவு செய்கிறது. பெருந்தொற்றின் ஆறு மாதம் திட்டமிடப்பட்டதன்று.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடலிறக்கம் எந்த இரவிலும் சிக்கிக்கொண்டு இரத்த ஓட்டத்தை இழக்கக்கூடும். அன்று மாலை வரை அது 'திட்டமிட்ட' அறுவை. இரவு பத்து மணிக்கு அவசர அறுவை. வளைபாதத்திற்கோ வாராவாரம் மாவுக்கட்டை மாற்றி மாற்றிப் போட்டு, இறுதியில் குதிகால் தசைநாணைச் சிறிது வெட்டிவிட வேண்டும். நடுவில் பேருந்து நின்றால் சிகிச்சை முழுவதும் தடைப்படும்.

வயதுவந்தோர் பலருக்குத் தாமதம் என்பது துன்பத்தின் நீட்சி. குழந்தைக்குப் பல வேளைகளில் அது வளர்ச்சியின் வாயில் மூடப்படுவது. அக்கால எண்களை இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு படிக்க வேண்டும்.

23.8 என்ற எண்

2020 மே மாத இறுதியில் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'கோவிட்சர்ஜ்' என்ற பன்னாட்டுக் குழு 24 நாடுகளில் 235 மருத்துவமனைகளிலிருந்து விவரம் திரட்டியது. அறுவைக்குச் சற்று முன்போ பின்போ கொரோனா தொற்றியிருந்த 1128 நோயாளிகளில் 268 பேர் முப்பது நாளுக்குள் இறந்திருந்தனர். அதாவது 23.8 விழுக்காடு. நால்வரில் ஒருவர் என்று செய்தித்தாள்கள் எழுதின. அறுவை அரங்குகளின் கதவை அடைத்து வைத்திருக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை என்றே யாருக்கும் தோன்றும்.

ஆய்வில் பிழையில்லை. அவ்வளவு நெருக்கடியில் அவ்வளவு விரைவாக அதைச் செய்தது பாராட்டத்தக்கது. ஆனால் அந்த 1128 பேர் யார்? அவர்களில் 558 பேர் எழுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஐம்பது வயதுக்குக் குறைந்தோர் 214 பேர் மட்டுமே. குழந்தைகள் அதற்குள் ஒரு சிறு பகுதி. நான்கில் மூன்று பங்கு அறுவைகள் அவசரமாகச் செய்யப்பட்டவை. எழுபதைத் தாண்டியவர்களில் இறப்பு 33.7 விழுக்காடு, மற்றவர்களில் 13.9. வயது முதிர்ந்திருத்தல், வேறு கடும் நோய் இருத்தல், புற்றுநோய், அவசர அறுவை, பெரிய அறுவை ஆகியவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்று அதே கட்டுரை விவரமாகக் கூறியது. கட்டுரையின் உள்ளே இருந்தது செய்தியின் தலைப்புக்கு வரவில்லை.

எண்பது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்பு முறிவில் பெற்ற எண்ணைக் கொண்டு, எட்டு மாதக் குழந்தையின் குடலிறக்கத்திற்கு விடை சொல்வது, இரும்பின் விரிவுக் குணகத்தை வைத்து நீரின் விரிவைக் கணக்கிடுவது போன்றது. என் மாணவர் எவரேனும் அப்படிச் செய்தால் மதிப்பெண் கொடுக்க மாட்டேன்.

வரிசையின் கணக்கு

இதே குழு 2020 மே மாதத்தில் வெளியிட்ட மற்றொரு மதிப்பீடு புகழ்பெற்றது. தொற்று உச்சத்திலிருக்கும் 12 வாரங்களில் உலகெங்கும் 2 கோடியே 84 லட்சம் திட்டமிட்ட அறுவைகள் நின்றுபோகும். இது வழக்கமாக நடைபெறுவதில் 72.3 விழுக்காடு என்றனர். இந்தியாவுக்கான மதிப்பீடு 5 லட்சத்து 80 ஆயிரத்திற்கு மேல். தொற்று தணிந்தபின் வழக்கத்தைவிட 20 விழுக்காடு கூடுதலாக வேலை செய்தால் இத்தேக்கத்தைத் தீர்க்க 45 வாரம் ஆகும் என்பதும் அதில் வந்தது.

இந்த 45 எங்கிருந்து வந்தது? பள்ளி மாணவரும் தோராயமாகச் சரிபார்க்கலாம். 12 வாரத்தில் 72.3 விழுக்காடு நின்றால், தேங்கிய வேலை 12 × 0.723 = 8.7 வார வேலை. வாரத்திற்கு 0.2 வார வேலையைக் கூடுதலாகச் செய்தால் 8.7 ÷ 0.2 = 43 வாரம். நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டைச் சேர்த்தால் 45 என்பது பொருந்துகிறது.

இப்போது அந்த 0.2-ஐ மாற்றிப் பாருங்கள். குழந்தை அறுவை நிபுணர் ஓரிருவர், குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் பழகியவர் ஓரிருவர், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களுக்கே அரங்கு என்றிருக்கும் இடத்தில் 20 விழுக்காடு கூடுதல் வேலைக்கு ஆள் ஏது? 10 விழுக்காடு என்றால் 87 வாரம். 5 விழுக்காடு என்றால் 173 வாரம், அதாவது மூன்று ஆண்டுகளுக்கு மேல். வரிசையின் கடைசியில் கைக்குழந்தையாகச் சேர்ந்த பிள்ளை, முறை வரும்போது பாலர் வகுப்புக்குப் போகும் வயதை எட்டியிருக்கும். ஆண்டுதோறும் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்து சேரும் நாளை எண்ணும் உழவர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. மொத்தத் தண்ணீர் போதுமானதாகவே இருக்கலாம். வந்து சேரும் நாள்தான் விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இதற்கு ஒரு மாற்று அக்காலத்திலேயே இருந்தது. 2020 ஏப்ரலில் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கழகங்கள் ஒரு முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டன. 'அவசியம்', 'அவசியமற்றது' என்ற சொற்களுக்குப் பதிலாக 24 மணி, 72 மணி, 4 வாரம், 3 மாதம், 3 மாதத்திற்கு மேல் என்று காலத்தையே வகையாக்கினர். சொல்லுக்குப் பதில் எண் வந்தது பெரிய முன்னேற்றம். எனினும் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. பட்டியலில் ஏறிய நாளில் கொடுத்த வகை அப்படியே நிற்கும் என்ற எண்ணத்துக்கு அது இடம் தருகிறது. விதை இறங்காத மூன்று மாதக் குழந்தை இன்று 'மூன்று மாதத்திற்கு மேல்' வகை. அதே குழந்தை பதினைந்து மாதத்தை எட்டும்போது மீதமிருப்பது மூன்றே மாதம். பதினேழாவது மாதத்தில் நான்கு வாரம். நோய் மாறவில்லை, வயது மாறியிருக்கிறது. ஆகவே குழந்தைகளின் பட்டியலில் 'எந்தத் தேதிக்குள்' என்று ஒரு கட்டம் இருந்தாக வேண்டும். அந்தத் தேதி நெருங்கும் வரிசையில் அழைக்க வேண்டும். பதிவேட்டில் ஒரு கோடு கூடுதலாக இழுப்பதற்கு மேல் இதற்குச் செலவில்லை.

பட்டியலில் ஏறாமலே போன குழந்தைகள் வேறு. 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று முப்பது வகைக் குறைகளைத் தேடிப் பார்க்கின்றன. பிளவுபட்ட உதடு, வளைபாதம், பிறவி இதயக்கோளாறு ஆகியவை அவற்றில் அடங்கும். 2020 மார்ச்சில் அடைபட்ட பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. பள்ளியில்லையேல் பள்ளியில் பரிசோதனையும் இல்லை. ஒத்திவைக்கப்பட்ட அறுவைகளை எண்ணுகிறவர்கள், கண்டுபிடிக்கப்படாத குறைகளை எண்ண முடியாது.

ஏழு வாரம்

மூன்றாவது எண்ணைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2021-இல் 116 நாடுகளில் 1 லட்சத்து 40 ஆயிரம் நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு, கொரோனா தொற்றியவருக்கு இயன்றவரை ஏழு வாரம் கழித்து அறுவை செய்வது நல்லது என்றது. ஆறு வாரம் வரை இறப்பு வாய்ப்பு மிகுந்தும், ஏழாம் வாரத்திலிருந்து வழக்கமான அளவிலும் இருந்தது. வயதுவந்தோருக்கு அருமையான வழிகாட்டி. நாற்பது நாள் குழந்தைக்குப் பித்தநாள அடைப்பும் கொரோனாவும் ஒருங்கே இருந்தால்? 40 + 49 = 89. அறுபது நாள் என்ற எல்லை ஒரு மாதம் பின்னால் போய்விட்டது. இயன்றவரை என்ற சொல்லை ஆய்வாளர்கள் எழுதியிருந்தனர். விதி கைமாறி வரும்போது இத்தகைய சொற்களே முதலில் உதிர்கின்றன.

நூறு கிலோமீட்டர்

டெல்டாவின் நிலைமையை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இவ்வட்டார மிராசுதார்களின் பொருளுதவியால் எழுந்த தஞ்சை ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கும், 1959-இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரிக்கும் கடலோரம் வரையிலிருந்து தாய்மார்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திருவாரூரில் 2010-இல் மருத்துவக் கல்லூரி வந்தது. நாகப்பட்டினத்தில் 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது. பெருந்தொற்றின் முதல் இரண்டு அலைகளின்போது அது இல்லை. வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளியின் குழந்தை தஞ்சைக்கு வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடக்க வேண்டும். அவசரத்திற்கு 108 வண்டி உண்டு. ஆனால் வாராந்திர மாவுக்கட்டுக்கும், 'அடுத்த மாதம் வந்து காட்டுங்கள்' என்பதற்கும் 108 வராது, பேருந்துதான். 2020 மார்ச் இறுதியில் நின்ற பேருந்து ஜூனில் ஓரளவு ஓடி, ஜூலையில் மீண்டும் நின்று, மாவட்டம் விட்டு மாவட்டம் ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-இல்.

தூரத்தின் விலை பெருந்தொற்றுக்கு முன்பே தெரிந்ததுதான். 2018–19-இல் 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில், குடல் முதலிய உறுப்புகளில் பிறவிக் குறையுடன் வந்த 3849 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. செல்வ நாடுகளில் இறப்பு 5.6 விழுக்காடு, நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் 20.4, ஏழை நாடுகளில் 39.8. ஒரே குறை, ஒரே வகை அறுவை. பிறந்த இடம் மட்டும் வேறு. 20.4 என்ற எண் தொற்று இல்லாத நல்ல காலத்தில் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். கதவை அடைத்தது குழந்தையை மட்டும் காக்கவா? செவிலியரையும் மயக்க மருத்துவரையும் காக்க வேண்டாமா? ஆக்ஸிஜனும் படுக்கையும் மிச்சப்பட வேண்டாமா? வேண்டும்தான். 2021 மே மாதத்தில் ஆக்ஸிஜனுக்காக நாடு பட்ட பாட்டைக் கண்டவர்கள், அந்த வாரங்களில் அறுவைகளை நிறுத்தியதைக் குறை கூற மாட்டார்கள். என் குறை வேறு. நிறுத்துவதற்கு ஒரு அளவுகோல் இருந்தது. மீண்டும் தொடங்குவதற்கு அளவுகோல் தெளிவாக இல்லை. ஓர் அறை பாதுகாப்பானதா என்பதை அளந்து சொல்ல முடியும். அதற்கான இயற்பியல் புதிதுமன்று.

காற்றை அளத்தல்

ஒரு சோதனையை வீட்டில் செய்து பாருங்கள். இரவில் ஓர் அறையின் கதவு சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ஊதுபத்தி ஒன்றைச் சிறிது நேரம் கொளுத்தி அணைத்துவிடுங்கள். விளக்கை அணைத்து டார்ச் ஒளியைப் பாய்ச்சினால் ஒளிக்கற்றையில் புகைத்துகள்கள் மிதப்பது தெரியும். அரை மணி கழித்துப் பார்த்தாலும் அவை தரையில் படிந்திரா. பிறகு சன்னல்களைத் திறந்து மின்விசிறியைச் சுற்றவிட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

ஸ்டோக்ஸ் விதிப்படி சிறு துகள் விழும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். தும்மலில் தெறிக்கும் 100 மைக்ரான் திவலை, நின்றிருப்பவரின் வாய் உயரமான ஒன்றரை மீட்டரை ஐந்தாறு விநாடியில் கடந்து தரையை அடையும். 10 மைக்ரான் துகளுக்கு எட்டு நிமிடம். ஒரு மைக்ரான் நுண்துகளுக்கு, காற்று அசையாதிருந்தால்கூட, பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல். பேசும்போதும் அழும்போதும் வெளிவருபவற்றில் இந்த நுண்துகள்களே எண்ணிக்கையில் அதிகம்.

கொரோனா காற்றில் மிதந்து பரவும் என்பதை 2020 ஜூலையில் 239 அறிவியலாளர்கள் பகிரங்கக் கடிதமாக எழுதினர். அதற்கு முன் மார்ச் மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் இது காற்றில் பரவும் நோயன்று என்று உறுதியாக அறிவித்திருந்தது. இந்தத் தவற்றின் விளைவை நம் ஊர்களில் கண்டோம். முதலில் திருப்பூர்ச் சந்தை வாயிலிலும் பிறகு பல இடங்களிலும் கிருமிநாசினிச் சுரங்கங்கள் எழுந்தன. மனிதர்கள் மீது மருந்து தெளித்தனர். ஏப்ரல் 18-இல் மத்திய அமைச்சகமே அது கூடாது என்று அறிவுறுத்த வேண்டியதாயிற்று. தரையைத் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியைச் சன்னலுக்குக் காட்டியிருக்கலாம். இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் காற்றோட்டத்தை வலியுறுத்தி எளிய விளக்கம் வெளியிட்டது 2021 மே 20-இல். அப்போது இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தது.

ஓர் அறையின் கன அளவுக்குச் சமமான காற்று மணிக்கு எத்தனை முறை புகுத்தப்படுகிறது என்பதைக் காற்றுமாற்ற எண் என்போம். காற்று நன்கு கலப்பதாகக் கொண்டால், அறையிலுள்ள துகள்கள் கதிரியக்கப் பொருளைப் போலவே தேய்கின்றன. அவற்றுக்கும் ஓர் அரை ஆயுள் உண்டு. காற்றுமாற்ற எண் 20 என்றால் அரை ஆயுள் 2.1 நிமிடம், 99 விழுக்காடு துகள்கள் நீங்க 14 நிமிடம். 6 என்றால் 46 நிமிடம். 1 என்றால் 4 மணி 36 நிமிடம். முறைப்படி அமைந்த அறுவை அரங்கில் 20 காற்றுமாற்றமும் அதில் குறைந்தது 4 பங்கு வெளிக்காற்றும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பொறியியலாளர்களின் அளவுவிதி; ஹெப்பா வடிகட்டி வழியே காற்று வருகிறது. அப்படிப்பட்ட அரங்கில் ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் இடையே கால்மணி நேரம் போதும். சுவரில் ஏ.சி. மட்டும் மாட்டிச் சன்னலை அடைத்த சிறு அரங்கில் நிலைமை வேறு. அந்த ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைத்துத் திருப்பி விடுகிறதே தவிர, வெளிக்காற்றை ஏறத்தாழக் கொண்டுவருவதே இல்லை. இரண்டையும் 'ஆபரேஷன் தியேட்டர்' என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒரே விதியை இரண்டுக்கும் எழுதினால், நல்ல அரங்கு வீணாக மூடப்படும், மோசமான அரங்கு அஞ்சாமல் திறக்கப்படும்.

மயக்க மருத்துவர்கள் பெரிதும் அஞ்சியது மூச்சுக்குழாயில் குழல் செலுத்தும் கணத்தை. அச்சம் நியாயமானதே, முகத்துக்கு நேரே முகம் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2020-இல் சிலர் அரங்கிற்குள் துகள் எண்ணும் கருவியை வைத்து அளந்தே பார்த்துவிட்டனர். குழல் செலுத்தும்போது வெளிவந்த துகள்கள், வேண்டுமென்றே ஒரு முறை இருமுவதைக் காட்டிலும் ஐந்நூறு மடங்கு குறைவு. குழலை எடுக்கும்போது, குறிப்பாக நோயாளி இருமினால், சற்று அதிகம். அப்போதும் இருமலைவிட 35 மடங்கு குறைவு. அவர்கள் அளந்தது மிகத் தூய காற்றோட்டமுள்ள அரங்கில், வயதுவந்தோரிடம். அதை மறக்கக் கூடாது. ஆயினும் இந்த அளவீட்டிலிருந்து ஒரு திசை தெரிகிறது. மயக்கத்தில் அசையாமல் கிடக்கும் குழந்தையைவிட, அரங்குக்கு வெளியே பசியில் வீறிட்டழும் குழந்தைகளும், அவர்களைத் தூக்கிவைத்திருக்கும் தாய்மார்களும், உடன் வந்த பாட்டிமார்களும் கூடியிருக்கும் இடத்தையே முதலில் கவனிக்க வேண்டும். அறுவைக்குக் காத்திருக்கும் குழந்தை வெறும் வயிற்றில் இருக்க வேண்டும்; அழாமல் என்ன செய்யும்?

காத்திருப்புக் கூடத்தை அளக்கக் கரியமிலவாயு மானி போதும். கையடக்கமான கருவி, விலையும் அதிகமில்லை. அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர், அதாவது விநாடிக்கு 0.005 லிட்டர், கரியமிலவாயுவை வெளிவிடுகிறார். ஆளுக்கு விநாடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வந்தால், கூடத்தில் அவ்வாயு வெளியில் உள்ளதைவிடப் பத்து லட்சத்தில் 500 பங்கு கூடி நிற்கும். வெளியில் 420 என்றால் மானி 920 காட்டும். 2000-ஐத் தாண்டினால் ஆளுக்கு 3 லிட்டர்தான் வருகிறது என்று பொருள். ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இயற்கைக் காற்றோட்டமுள்ள மருத்துவமனை வார்டுகளுக்கு நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 60 லிட்டர் கேட்கிறது. அந்த அளவை வைத்துப் பார்த்தால் நம் கூடங்களில் எவை தேறும் என்று ஒரே வாரத்தில் அளந்துவிடலாம். எண் மிஞ்சும்போது குழந்தைகளை மணிக்கணக்கில் முறை வைத்து அழைக்கலாம். கூட்டத்தை மரத்தடிக்கு நகர்த்தலாம். அறுவையை நிறுத்த வேண்டியதில்லை.

பழைய காலத்துக் கட்டடங்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. உயர்ந்த கூரை, எதிரெதிர்ச் சன்னல், அகன்ற தாழ்வாரம் ஆகியவை இருந்தால் சித்திரை, வைகாசியில் காற்றுமாற்ற எண் தானாகவே நன்றாக இருக்கும். சிக்கல் ஐப்பசி, கார்த்திகையில். டெல்டாவில் அடைமழை பிடித்துக்கொண்டால் சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை எல்லாம் சாத்திவிடுவார்கள், மரத்தடியும் உதவாது. பத்து மீட்டர் நீளம், எட்டு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் உயரம் உள்ள கூடத்தின் கன அளவு 320 கனமீட்டர். மணிக்கு ஆறு காற்றுமாற்றம் வேண்டுமானால் 1920 கனமீட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும். சுவரில் பொருத்தும் 12 அங்குல வெளியேற்று விசிறி ஒன்று மணிக்கு ஆயிரம் கனமீட்டருக்கு மேல் தள்ளும். இரண்டு விசிறிகள் ஒரு பக்கச் சுவரிலும், எதிர்ச் சுவரில் சாரல் புகாத சாய்வுப் பலகைத் திறப்பும் இருந்தால் மழைக்காலத்திலும் கூடம் மூச்சுவிடும். விசிறியைத் திறப்புக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடக் கூடாது; உள்ளே வந்த காற்று கூடத்தைச் சுற்றாமல் அப்படியே வெளியேறிவிடும்.